கதவில் தொங்கிய மூட்டை

அன்று காலை ஏழாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: இஸ்திரிக்காரன், அவன் மனைவி, காது கேட்காத மாமனார். கண்டக்டர், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள். ராத்திரி ட்யூட்டி முடித்து வந்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடியிருந்த நர்சம்மா. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற, பக்கத்து அறைகளிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஏழெட்டுப் பேர். முகாம் ஆபீசர், அவருடைய பதிவேடு. கடைசியாக, கரும்பலகைக்கு அடியில், ஐஸ்காரன்.

ஐஸ்காரன் ஐஸ் விற்பவன் இல்லை. ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் பார்ப்பவன். தெருவுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. நாற்பத்தெட்டு வயது. கட்டினவள் விட்டுப்போய் ஒன்பது வருஷம். எப்போதோ ஒரு பாளம் ஐஸ் காலில் விழுந்ததில் வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது, அப்படியே நின்றுவிட்டது. தெருக்கோடியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தான். அதே கட்டடத்தின் கீழ்ப் பகுதியில் இஸ்திரிக்காரன் குடும்பம்.

வெள்ளம் வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம்தான் முகாம். ஆபீசர் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன.

"நாளன்னைக்கு கேம்ப்ப மூடறோம். ஸ்கூல் தொறக்கணும். அதுக்குள்ள இந்தத் துணி பஞ்சாயத்து முடியணும். சொல்லுங்க."

கண்டக்டர் எழுந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே பேசிப் பழகிய குரல். மூன்று அறைக்குக் கேட்கும்.

"சார், பதினோரு வீட்டுத் துணி இவன்கிட்ட இருந்துச்சு. என்னோட யூனிஃபார்ம் ரெண்டு செட்டு. ட்யூட்டில சேரணும்னா யூனிஃபார்ம் வேணும், இந்தப் பூப்போட்ட லுங்கியோட போய் டிக்கெட் கிழிக்க முடியாது. எங்கடா துணின்னு கேட்டா, மூட்டையா கட்டி மாடி வீட்டுக் கதவுல மாட்டினேன்கறான். அங்க போய்ப் பாத்தா காணோமாம்."

"மாட்டினேன் சார்," என்றான் இஸ்திரிக்காரன். "போட்டுல மூட்டை முடிச்சு ஏத்தக்கூடாதுன்னுட்டாங்க. அதான் கதவோட கைப்பிடியில மாட்டினேன். யாரோ எடுத்துட்டாங்க."

"யாரு? மீனா? நீந்தி வந்து என் பேன்ட்டை எடுத்துட்டுப் போச்சா? அதோட இடுப்பு என்ன சைஸுடா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். இஸ்திரிக்காரனின் மாமனாரும் சேர்ந்து சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது சிரிப்பது அவர் வழக்கம், எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்வார்.

நர்சம்மா கண்ணைத் திறக்காமல் பேசினாள். "திருடினான்னு நான் சொல்லல. என்னோட கோட்டு நாலு. மூட்டையா இருந்தது மொத்தமா காணாம போகுமா? தண்ணி அடிச்சுட்டுப் போச்சுன்னு சொல்லியிருந்தா கூட நம்பியிருப்பேன். மாடிப்படி உச்சியில, தண்ணியே ஏறாத எடத்துல வச்சேன்னு நீங்களே சொல்றீங்களே."

"பொய் சொல்லத் தெரியாதும்மா எனக்கு."

"அதான் தெரியுதே," என்றார் கண்டக்டர். மறுபடி சிரிப்பு.

ஆபீசர் பதிவேட்டைப் புரட்டினார். "மாடி வீடு யாரோடது?"

ஐஸ்காரன் கை தூக்கினான். இந்த அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் கை தானாகத்தான் எழுந்தது.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ட்யூட்டில சார். ரெண்டு மணி ஷிஃப்ட். ஃபேக்டரியிலயே மாட்டிக்கிட்டேன்."

"வீட்டுக்கு எப்பப் போனீங்க?"

"போகல சார். ஃபேக்டரியிலேர்ந்து நேரா இங்க."

"இன்னைக்கு வரைக்கும்?"

"தண்ணி வரல, கரன்ட் வரல. போய் என்ன பண்றது."

"அப்ப கதவுல மூட்டை இருந்துச்சா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது சார்."

ஆபீசர் அதை எழுதிக் கையெழுத்துக் கேட்டார். ஐஸ்காரன் போட்டான். எழுத்து ஒன்றும் கோணவில்லை. கொஞ்சமாவது கோணியிருக்கலாமே என்று பிறகு தோன்றியது.

"அண்ணன் மட்டும் அன்னைக்கு வீட்ல இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது சார்," என்றான் இஸ்திரிக்காரன். "மூட்டைய விடுங்க, எங்களையே அலாக்கா தூக்கி உள்ள போட்டிருப்பாரு."

அவன் மனைவி வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகாமில் ஐஸ்காரனிடம் பேச வேண்டி வந்தால் அவள் எப்போதும் தலையைக் குனிந்துதான் பேசுவாள். அடக்கமானவள் என்று அவன் நினைத்திருந்தான்.

"நாளைக்குப் பத்து மணி," என்று ஆபீசர் எழுந்தார். "அதுக்குள்ள துணி வந்தா சரி. இல்லன்னா ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்துடுவேன். நான் என்ன பண்றது, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

*

மூட்டை எங்கே இருக்கிறது என்று ஐஸ்காரனுக்குத் தெரியும். அவன் வீட்டுக்குள், அவன் கட்டிலில், அவன் புது மெத்தையின் மேல் இருந்தது. நனையாமல், மடிப்புக் கலையாமல்.

வெள்ளம் வந்த அன்று அவன் ஷிஃப்டுக்குப் போகவே இல்லை. மழையைச் சாக்காக வைத்துப் படுத்துவிட்டான். மெத்தை வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக முதுகு வலிக்காமல் தூங்கினான். நாலு மணிவாக்கில் கீழே சத்தம். எட்டிப் பார்த்தால் தெரு இல்லை, தண்ணீர் இருந்தது. இஸ்திரி வண்டி மல்லாந்து கிடந்தது. பிறகு மாடிப்படியில் காலடி, கதவில் தட்டல்.

"அண்ணே! அண்ணே, கதவத் தொறங்கண்ணே!"

எழுந்தான். கதவுவரை போனான். கை தாழ்ப்பாளுக்குப் போனது உண்மை. அப்போது அவன் மண்டையில் ஓடியதை யாரிடமும் சொல்ல முடியாது, அவ்வளவு அற்பம். மூன்று பேர். சேற்றுக் கால். கிழவரை எங்கே உட்கார வைப்பார்கள்? கட்டிலில்தான். இரண்டாவது படியோடு தண்ணீர் நின்றுவிடும், ஒரு பத்து நிமிஷம் படியிலேயே நிற்கட்டும், ஆகாதா என்ன. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

தண்ணீர் இரண்டாவது படியில் நிற்கவில்லை.

அதற்குள் அவர்கள் பத்துத் தடவை தட்டியிருந்தார்கள். இப்போது திறக்கலாம்தான். ஆனால் முதல் தட்டலுக்குத் திறக்காதவன் பத்தாவதுக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு திறப்பான்? தூங்கிவிட்டேன் என்பதா? இந்தச் சத்தத்திலா? இருபதாவது தட்டலில் அது இன்னும் கஷ்டமானது. பிறகு தட்டல் நின்றது. அண்ணன் ட்யூட்டிக்குப் போயிருக்கார், ரெண்டு மணி ஷிஃப்ட் என்று இஸ்திரிக்காரன் தன் மனைவிக்குச் சொல்வது கேட்டது. அந்தக் கதவில் வெளியே தொங்குகிற பூட்டு கிடையாது. கதவோடு பதித்த சாவிப் பூட்டு. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தப் பூட்டை வாங்கியபோது அதற்காகவே ஐஸ்காரனுக்குப் பெருமை.

கதவுக்கு இந்தப் பக்கம் அவன் நின்றான். அந்தப் பக்கம் படியில் மூன்று பேர், இரண்டரை மணி நேரம், சாரலில். கிழவர் இருமினார். ஐஸ்காரனுக்குக் கால் மரத்துப்போனது. நகர்ந்தால் சத்தம் கேட்கும் என்று நகரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் போட் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது.

போட் சத்தம் ஓய்ந்த பிறகு கதவைத் திறந்தான். கதவு உள்பக்கம் திறப்பது. கைப்பிடியில் முடிச்சோடு தொங்கிய மூட்டையும் கதவோடு சேர்ந்து உள்ளே வந்தது.

தொழிலில் இஸ்திரிக்காரன் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரன். தேய்த்த துணியைத் தரையில் வைக்கமாட்டான். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் நடுவில் ஒரு செய்தித்தாள் வைத்து, எல்லாவற்றையும் பழைய போர்வையில் கட்டி, எங்கே போனாலும் ஆணியோ கொக்கியோ தேடுவான். வெள்ளத்தில் இஸ்திரிப் பெட்டி போனது, வண்டி போனது, பாத்திரம் பண்டம் போனது. மூட்டையை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறான். கிளம்பும்போதும் தரையில் போடாமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஐஸ்காரன் மூட்டையை எடுத்து மெத்தையில் வைத்தான். அன்று அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அன்றும் மறுநாளும் அவன் தரையில் படுத்தான்.

மூன்றாம் நாள் குடிக்கத் தண்ணீர் தீர்ந்து, இடுப்பளவு வெள்ளத்தில் நடந்து முகாமுக்கு வந்தபோது, இஸ்திரிக்காரன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அண்ணே, உசிரோட இருக்கீங்களா! ஃபேக்டரிப் பக்கம் ஆளே இல்லன்னாங்களே!" எங்கே இருந்தீர்கள் என்று கேட்கக்கூட இல்லை. பதிலை அவனே வைத்திருந்தான், ஐஸ்காரன் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டால் போதும். உட்கார்ந்துகொண்டான். "மூட்டை உங்க கதவுலதான் தொங்குது, பாத்தீங்களா?" என்றதற்கு, "நான் வீட்டுக்கே போகலப்பா," என்றான்.

தண்ணீர் வடிந்ததும் யாருக்கும் தெரியாமல் போய் மூட்டையைப் பழையபடி கைப்பிடியில் மாட்டிவிடலாம் என்று இருந்தான். எட்டாம் நாள் காலையில் இவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இஸ்திரிக்காரன் அங்கே போய்விட்டு வந்தே விட்டான். "கதவு மொட்டையா இருக்குண்ணே," என்றான். முகத்தில் ஈயாடவில்லை.

*

முகாமில் ஒரு நாள் என்பது வரிசைதான். கக்கூஸுக்கு வரிசை, குழாய்க்கு வரிசை, டீக்கு, சாப்பாட்டுக்கு. எந்த வரிசையிலும் இஸ்திரிக்காரன் ஐஸ்காரனுக்கு இடம் பிடித்து வைப்பான். "அண்ணனுக்கு இடுப்பு வலி, நிக்க முடியாது." மெத்தை விஷயம் அவனுக்குத் தெரியாது, இடுப்பு வலி விஷயம் மட்டும் தெரியும்.

அறைக் கதவை யாரும் சாத்துவதில்லை. வந்த அன்றே ஈரத்தில் ஊதிப்போய் நிலையோடு இடித்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் சேரும். வெள்ளத்துக்குத் திறந்த கதவு திறந்தபடியே கிடந்தது. உடை மாற்றுகிறவர்கள் ஒரு போர்வையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். இருமல் வந்தால் கிழவர் வராந்தாவுக்குப் போய் இருமிவிட்டு வருவார். படியில் நனைந்ததில் பிடித்த இருமல், இன்னும் விடவில்லை. ஒவ்வொரு இருமலையும் ஐஸ்காரன் தன் முதுகில் வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம், பஞ்சாயத்து முடிந்த பிறகு, இஸ்திரிக்காரன் சமையல் கொட்டகைக்குப் போய்த் அடி தட்டையான பாத்திரம் ஒன்றில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாங்கி வந்தான். பெட்டி போன பிறகு அவன் கண்டுபிடித்த வழி அது. பெஞ்சில் போர்வையை விரித்து, நன்கொடையில் வந்த சட்டைகளைப் பாத்திரத்தின் அடியால் தேய்ப்பான். பாதி முகாம் அவனிடம் சட்டை தேய்த்துக்கொண்டது, அவனைத் திருடன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் உட்பட.

"கழட்டுங்கண்ணே."

"எனக்கு எதுக்குப்பா."

"நாளைக்கு ஆபீசர் முன்னாடி எனக்கு சாட்சி நீங்க ஒருத்தர்தான். கசங்கின சட்டையோட நிக்கக் கூடாது."

"உனக்கே நாளைக்கு என்ன ஆகுமோ…"

"என்ன ஆகும்? ரெண்டு அடி அடிப்பாங்க. மாமனாரு விடாம தினமும் திட்டுறாரு, அத விடவா?" சிரித்துவிட்டு, பாத்திரத்தைத் தூக்கிக் காலரில் வைத்தான். ஆவி கிளம்பியது. "அடி கூட பரவால்லண்ணே. தெருவுல இனிமே யாரும் ஒரு கைக்குட்டை கூட கொடுக்க மாட்டாங்க. பன்னெண்டு வருஷமா ஒரு பட்டன் தொலைச்சதில்ல நான். வேற தெருவுக்குப் போனாலும் இந்தப் பேச்சு எனக்கு முன்னாடி அங்க போய் நிக்கும். வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

சட்டை வெதுவெதுப்பாகக் கைக்கு வந்தது. ஐஸ்காரன் போட்டுக்கொண்டான். முள்ளில் செய்த சட்டை போல இருந்தது.

இஸ்திரிக்காரன் மனைவி அடுத்த பாயில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி, எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் விடிந்து எட்டு மணிக்கு ஐஸ்காரன் கிளம்பினான். போகும் வழியில் யோசனை தெளிவாகிவிட்டது. மூட்டையை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைப்பது. திரும்பி வந்து, "ஒரு தடவ மேல தேடிப் பாத்தியா?" என்று சாதாரணமாகக் கேட்பது. காற்றில் அல்லது குரங்கால் அல்லது யாராலோ அங்கே போயிருக்கும். துணி கிடைத்தால் எல்லோர் வாயும் அடைபடும். யாருக்கும் நஷ்டமில்லை. தன்னைத் தவிர யாரும் தன்னை அசிங்கமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு ஆள் போதும்.

தெருவில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. வீட்டு வாசல்களில் நாற்காலிகள், மிதந்து உப்பிய அலமாரிகள். சுவரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. தன் கட்டடத்தில் அந்தக் கோடு மாடிப்படியின் ஒன்பதாவது படியில் முடிந்ததைப் பார்த்தான். மேலே இன்னும் ஐந்து படி. அந்த ஐந்து படியில்தான் மூன்று பேரும் இருந்திருக்கிறார்கள்.

சாவியைப் போட்டுத் திறந்தான். வீடு அவன் விட்டுப்போனபடியே இருந்தது. தூசி, அடைபட்ட காற்று, அவ்வளவுதான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. தெரு முழுக்க நாசமாகிக் கிடக்கும்போது தன் வீடு இப்படிச் சுத்தமாக இருப்பதைப் பார்க்க, அம்மணமாக நிற்பது போல இருந்தது. மெத்தைக்கு நடுவில் மூட்டை, விருந்தாளி மாதிரி.

அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரும்பியபோது வாசலில் இஸ்திரிக்காரன் மனைவி நின்றிருந்தாள். கையில் துடைப்பம், முழங்கைவரை சேறு. கீழே தன் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். தலைக்கு மேலே காலடி கேட்டு ஏறி வந்திருக்கிறாள்.

அவள் மூட்டையைப் பார்த்தாள். அதிர்ச்சியோ ஆச்சரியமோ எதுவும் அவள் முகத்தில் இல்லை. பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

ஐஸ்காரன் மூட்டையை இறுக்கிப் பிடித்தான்.

"கதவுக்குக் கீழ இடுக்கு இருக்கு பாருங்க," துடைப்பத்தால் காட்டினாள். "அன்னைக்கு நான் மேல்படியில தலைய சாச்சு உக்காந்திருந்தேன். ரெண்டு கால் தெரிஞ்சுது. ஒரு நகம் கறுப்பு. இவர்கிட்ட சொன்னேன், உள்ள ஆளு நிக்கறாங்கன்னு. அது ஸ்டூல் காலா இருக்கும்னாரு. ஸ்டூலுக்கு நகம் இருக்குமான்னு கேட்டேன். வாய மூடு, அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லன்னாரு."

பதினான்கு நாளாக அவள் தரையைப் பார்த்துப் பேசியது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தரையை இல்லை.

"ஏம்மா… நீ யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? கட்டினவரே நம்பல. உங்க காலைக் கழட்டிக் கொண்டுபோய்க் காட்டச் சொல்றீங்களா?"

அவன் மூட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றான். கனத்தது.

"இத எங்க கொண்டு போறீங்க?"

"மொட்டைமாடில… வச்சுட்டா, அவனே வந்து தேடி எடுத்த மாதிரி…"

"ஓ." அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையாகவே அந்த யோசனையை எடைபோட்டுப் பார்க்கிற மாதிரி. "வைங்க. நான் தடுக்கல. ஆனா இத்தன நாள் கெடைக்காத மூட்டை, ஸ்டேஷனுக்கு எழுதறேன்னு சொன்ன மறுநாள் கெடைச்சா என்ன சொல்லுவாங்க? பயந்து போய் ஒளிச்சு வச்சத எடுத்துட்டு வந்துட்டான்னு சொல்லுவாங்க. இன்னைக்கு வரைக்கும் சந்தேகம். அதுக்கப்புறம் ருசு."

அவனுக்கு இது தோன்றவே இல்லை. தன்னை எப்படி மறைப்பது என்பதிலேயே புத்தி முழுவதும் போயிருந்தது. இஸ்திரிக்காரன் என்ன ஆவான் என்பதை அந்த யோசனை தொடவே இல்லை.

"சரி, நீயே எடுத்துட்டுப் போம்மா. நான் கொடுத்தேன்னு சொல்லு."

"நான் தொட மாட்டேன்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீங்க எடுத்துட்டு வாங்க. நான் கூட நடக்கறேன். மணி ஒன்பது ஆகுது."

*

பதினோரு வீட்டுத் துணி தலையில் ஏறினால் கழுத்து உள்ளே போகும் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. தெருவில் வீடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். போர்வையை எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தங்கள் வாசலுக்கு வந்த போர்வை. "அட, மூட்டை கெடச்சுடுச்சா?" என்று ஒருவர் கத்தினார். ஐஸ்காரன் நடையை நிறுத்தவில்லை. பின்னால் வந்தவளும் நிறுத்தவில்லை. துணி கொடுத்தவர்கள் கையைக் கூடக் கழுவாமல் பின்னால் வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போது கல்யாண ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது.

அறைக்குள் ஆபீசர் அதே சின்னப் பெஞ்சில் இருந்தார். இஸ்திரிக்காரன் எழுந்தான். முகம் அப்படியே மலர்ந்தது.

"அண்ணே! கண்டுபிடிச்சுட்டீங்களா! எங்க இருந்துச்சு?"

ஐஸ்காரன் மூட்டையைத் தரையில் வைக்கப் போனான். பிறகு ஞாபகம் வந்து பெஞ்சின் மேல் வைத்தான்.

"என் வீட்ல," என்றான். "கட்டில் மேல. நான் அன்னைக்கு ட்யூட்டிக்குப் போகல. உள்ளதான் இருந்தேன். நீங்க தட்டினது கேட்டுச்சு. தொறக்கல. நீங்க போனப்பறம் இத உள்ள எடுத்து வச்சேன். இவன் மேல எந்தத் தப்பும் இல்ல."

சொல்லி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆனது. இத்தனை நாளும் அதைப் பெரிய மலையாக நினைத்திருந்தான்.

நர்சம்மா முழித்துக்கொண்டாள். ஆபீசர் பதிவேட்டில் முந்தின நாள் பக்கத்துக்குப் போனார்.

"அப்ப நேத்து எழுதிக் கொடுத்தது?"

"பொய் சார்."

"அடிச்சுட்டுப் பக்கத்துலயே ஒரு கையெழுத்துப் போடுங்க." பேனாவை நீட்டினார். கோபப்படவில்லை, படிவத்தில் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டவனிடம் சொல்வது மாதிரி சொன்னார். ஐஸ்காரன் அடித்தான். இந்தத் தடவை கையெழுத்துக் கோணியது.

"என்னப்பா? என்ன சொல்றாரு தம்பி?" என்றார் கிழவர். யாரும் சிரிக்காததால் அவருக்கு எதுவும் பிடிபடவில்லை.

மகள் அவர் காதில் குனிந்து கத்தினாள்: "அன்னைக்கு வீட்டுக்குள்ளதான் இருந்தாராம்! கதவத் தொறக்கலையாம்!"

வராந்தா முழுக்கக் கேட்டது. கிழவர் புருவத்தைச் சுருக்கினார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியவில்லை.

"ஏனாம்?"

மகள் திரும்பி ஐஸ்காரனைப் பார்த்தாள். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள். "கேக்கறாரு," என்றாள். "நீங்களே சொல்லுங்க."

ஐஸ்காரன் கிழவரின் பக்கத்தில் போய்க் குனிந்தான். மெதுவாகச் சொன்னான். கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "ஆங்?" என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். "ஆங்?"

"மெத்தை!" என்று கத்தினான் ஐஸ்காரன். "புது மெத்தை வாங்கியிருந்தேன்! நனைஞ்சிடும்னு!"

"மெத்தையா?" என்றார் கிழவர். மருமகனைப் பார்த்தார், சரியாகத்தான் கேட்டேனா என்பது போல. பிறகு இருமல் வந்துவிட்டது. எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

இஸ்திரிக்காரன் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தான். அவன் போட்ட முடிச்சு, அவன் விரலுக்கு உடனே அவிழ்ந்தது. செய்தித்தாளை விலக்கி விலக்கி, ஒவ்வொரு வீட்டுத் துணியாக எடுத்து, மடிப்பை விரலால் ஓட்டிப் பார்த்து, கொடுத்தான். நர்சம்மா நாலு கோட்டையும் நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். அவன் தலையாட்டினான். கண்டக்டர் யூனிஃபார்மைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"இடுப்பு… சரியாத்தான் இருக்கு," என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஆபீசர் பதிவேட்டை மூடிக்கொண்டு போனார். பெஞ்சில் கடைசியாக ஒரு செய்தித்தாளும் அதன் மேல் இரண்டு சட்டையும் மிஞ்சின. பதினோராவது வீடு. ஐஸ்காரனுடைய சட்டைகள். தானும் துணி கொடுத்திருந்தது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

இஸ்திரிக்காரன் அந்தச் சட்டைகளின் காலரையும் விரலால் ஓட்டிப் பார்த்தான். ஒன்றில் மூலை லேசாக மடங்கியிருந்தது. உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினான். நீட்டினான்.

"இந்தாங்க சார்," என்றான்.

பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து ஐஸ்காரன் கேட்காத வார்த்தை. திட்டுவான், அழுவான், ஏன் அண்ணே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பான் என்றெல்லாம் வழி நெடுக எதிர்பார்த்து, அதற்குக் கழுத்தைத் தயாராக வைத்திருந்தான். இதற்கு அவனிடம் எதுவும் இல்லை. சட்டைகளை வாங்கிக்கொண்டான்.

கரும்பலகைக்கு அடியில் போய்ப் பாயைச் சுருட்டினான். முகாம் தட்டையும் டம்ளரையும் துடைத்து ஜன்னல் மேடையில் கவிழ்த்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்கு எல்லோரும் போக வேண்டியதுதான்.

"நீங்க மூணு பேரும்…" என்று ஆரம்பித்தான். "கீழ் வீடு காய இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் மேல என் வீட்ல…"

இஸ்திரிக்காரன் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தான். நான்காக, எட்டாக, ஓரம் ஓரத்தோடு பொருந்த. மடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"வேணாம் சார். மெத்தை இருக்கு, பாத்துக்கங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம். அக்கறையாகச் சொன்னது போலவே இருந்தது.

கிழவர் வராந்தாவிலிருந்து இருமி முடித்து உள்ளே வந்தார். ஐஸ்காரன் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டை இரண்டையும் மடிப்புக் கலையாமல் கையில் ஏந்தியபடி வெளியே வந்தான். வராந்தாவில் நாலு அடி வைத்திருப்பான்.

பின்னால் கதவு தரையில் உராயும் சத்தம் கேட்டது. ஊதிய மரம் நிலையில் இடித்து நின்றது. யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். சேரவில்லை. இன்னொரு தடவை, இரண்டு பேராக. சேர்ந்தது. பிறகு, இத்தனை நாள் யாரும் தொடாததால் துருவேறிக் கிடந்த தாழ்ப்பாள், கிறீச்சிட்டுக்கொண்டே உள்ளிருந்து விழுந்தது.